நேஹ்ரி ஷெய்கு எழுதிய கடிதம்

1880 அக்டோபர் 5. ஈரானின் வடமேற்கு மூலையில், உர்மியா நகரை நோக்கிப் படை நகரத் தொடங்கிய நேரம். படையை அனுப்பிய சூஃபி ஷெய்கு, உர்மியாவில் இருந்த ஓர் அமெரிக்க மருத்துவருக்குக் கடிதம் எழுதுகிறார். குர்து மக்கள் 5 லட்சம் குடும்பங்களுக்கு மேல் இருக்கிறார்கள், அவர்கள் தனி இனம், அவர்களுடைய மார்க்கம் வேறு, சட்டமும் வழக்கமும் வேறு என்கிறார். துருக்கி அரசின் கீழ் இருப்பவர்களும் சரி, பாரசீக அரசின் கீழ் இருப்பவர்களும் சரி, குர்திஸ்தானின் தலைவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள், இந்த இரண்டு அரசுகளோடும் இனி இப்படியே காலம் தள்ள முடியாது, எங்கள் காரியங்கள் எங்கள் கையில் இருக்க வேண்டும் என்கிறார். கடிதத்தின் சாரம் இதுதான்.

எழுதியவர் நேஹ்ரி ஊரைச் சேர்ந்த ஷெய்கு உபைதுல்லாஹ். பெற்றுக்கொண்டவர் டாக்டர் ஜோசப் கோக்ரன். அந்தக் கடிதம் பிரிட்டிஷ் கான்சல்களின் கைக்குப் போய், அடுத்த ஆண்டு லண்டனில் நாடாளுமன்ற ஆவணத் தொகுப்பில் அச்சேறியது. குர்து தேசியத்தின் வரலாற்றை எழுதுகிறவர்களில் இந்தக் கடிதத்தைத் தொடாமல் போகிறவர் அநேகமாக யாரும் இல்லை.

எனக்கு இந்த ஷெய்கின் மேல் பிடிப்பு வந்ததற்குக் காரணம் அரசியல் கிடையாது. நேஹ்ரி குடும்பம் தங்கள் வம்சத்தை அப்துல் காதிர் ஜீலானி வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். எங்கள் தெருவில் ரபீஉல் ஆகிர் மாதம் பிறந்தால் முகைதீன் ஆண்டவர் பேரில் மவ்லிது ஓதுவார்கள், நேர்ச்சைச் சோறு வீடு வீடாக வரும். அந்த முகைதீன் ஆண்டவரின் வழிவந்தவராகச் சொல்லிக்கொண்ட ஒருவர், துருக்கி மலைகளுக்குள் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரரசுகளை எதிர்த்தார் என்று படித்தபோது, இவர் யார், எப்படி வந்தார் என்று தேடாமல் இருக்க முடியவில்லை. தேடிப் போனால் இன்னொரு இழை நேராக டில்லிக்குப் போய் நின்றது.

இன்றைய இராக்கில் உள்ள சுலைமானியா பக்கத்து காலித் என்ற குர்து ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவர். ஜாஃப் கோத்திரம். 1779-ல் பிறந்தவர். ஊரில் பெரிய படிப்பாளி என்று பெயர் எடுத்த பிறகும் மனம் அடங்காமல் ஒரு ஷெய்கைத் தேடிப் புறப்பட்டார். ஈரான், காபூல், பெஷாவர், லாகூர் வழியாக டில்லிக்கு வந்து, நக்ஷ்பந்தி என்ற சூஃபி நெறியின் ஷெய்கு ஷா குலாம் அலியிடம் பைஅத் (சீடராகச் சேரும் உறுதிமொழி) பெற்றார். பழைய டில்லியில், துருக்மான் வாசலுக்கு உள்ளே போகும் நெரிசலான சந்தில் அவருடைய கான்கா, அதாவது சூஃபி மடம், இன்றும் இருக்கிறது. பக்கத்திலேயே பிரியாணிக் கடைகளும் பைண்டிங் கடைகளும் இருக்கும். அங்கே நடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், குர்திஸ்தானின் அரசியலே இங்கிருந்து கொஞ்சம் திசை மாறியது என்று?

1811-ல் காலித் ஊர் திரும்பினார். அப்புறம் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உபைதுல்லாஹ்வின் பலம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

அதுவரை குர்து நாட்டில் காதிரிய்யா என்ற தரீக்காதான், அதாவது சூஃபி நெறிதான், செல்வாக்கோடு இருந்தது. அங்கே ஷெய்கு பட்டம் ஓரிரு குடும்பங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குப் பிறகு பிள்ளை. முரீதுகள், அதாவது சீடர்கள், ஆயிரக்கணக்கில் இருந்தாலும், பைஅத் கொடுக்கும் அதிகாரம் அந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை. காலித் வேறு வழியில் போனார். தகுதி உள்ளவர் என்று பட்டவருக்கெல்லாம் கலீபா, அதாவது தன் பிரதிநிதி, என்ற பட்டம் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார். அறுபதுக்கும் மேற்பட்ட கலீபாக்கள். அவர்களில் பலருக்கு, தாங்களும் கலீபாக்களை நியமித்துக்கொள்ளும் அனுமதி உண்டு. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் சுலைமானியா, ஹக்காரி, போத்தான், தியார்பகிர் என்று மலையெங்கும் நக்ஷ்பந்தி கான்காக்கள் முளைத்துவிட்டன. பழைய காதிரி குடும்பங்களுக்கு இது பிடிக்கவில்லை. குறிப்பாக சுலைமானியாவின் பர்ஸின்ஜி வீட்டாருக்கு. காலித் பக்தாதுக்கும் பிறகு டமாஸ்கஸுக்கும் போய், 1827-ல் பிளேக் நோயில் இறந்தார். ஆனால் அவர் போட்ட வலை அறுபடவில்லை.

அந்த வலையின் ஒரு முடிச்சு, ஹக்காரி மலையில் ஷெம்தினான் பகுதியில் இருந்த நேஹ்ரி. இன்றைய துருக்கி, ஈரான், இராக் மூன்றும் சந்திக்கும் மூலை. காலித் அங்கே செய்யித் அப்துல்லாஹ் என்பவரையும், பின்னர் அவருடைய உறவினர் செய்யித் தாஹாவையும் கலீபா ஆக்கினார். தாஹாவின் மகன்தான் உபைதுல்லாஹ்.

சரி, ஒரு மலைக் கிராமத்து ஷெய்குக்குப் படை திரட்டும் பலம் எங்கிருந்து வந்தது?

குர்து நாட்டை முந்நூறு ஆண்டுகளாக ஆண்டவர்கள் அங்கங்கே இருந்த அமீர்கள். சுல்தானுக்குக் கப்பம், போர்க்காலத்தில் படை. மற்றபடி தங்கள் மலைக்குத் தாங்களே ராஜா. 19-ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய (துருக்கி) அரசு தன்னைச் சீர்திருத்திக்கொள்ளத் தொடங்கியபோது இவர்கள் மேலும் கைவைத்தது. வரியை நேராக வாங்க வேண்டும், ஆள் எடுக்க வேண்டும், ஆளுநர் இஸ்தான்புல்லில் இருந்து வர வேண்டும். ரவாந்துஸ் அமீரகம் போனது, பஹ்தினான் அமீரகம் போனது. கடைசியில் 1847-ல் போத்தானின் பெதிர் கான் பேக் தோற்று கிரீட் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். பெரிய அமீர்களின் காலம் அதோடு முடிந்தது எனலாம்.

ஆனால் அமீரை அகற்றுவது சுலபம், அவர் செய்துகொண்டிருந்த வேலையைச் செய்வது கஷ்டம். மேய்ச்சல் நிலத்துக்காக இரண்டு கோத்திரங்கள் மோதுகின்றன, ஓர் ஆள் செத்துப்போகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் அண்ணன் தம்பிகள் பழி வாங்கியே தீர வேண்டும். முன்பெல்லாம் அமீர் இருவரையும் கூப்பிட்டு, இரத்தப் பணம் இவ்வளவு என்று முடிவுசெய்து, மீறினால் தன் ஆட்களை அனுப்புவார். இப்போது அமீர் இல்லை. ஒரு கோத்திரத்தின் தலைவரான ஆகா சொல்வதை இன்னொரு கோத்திரம் கேட்காது. அரசாங்கத்து ஆளுநர் நகரத்தை விட்டு வெளியே வர மாட்டார், வந்தாலும் அவருக்குக் குர்து மொழி தெரியாது. ஒரு கொலை, பத்துக் கொலை ஆகும்.

அந்த இடத்தில்தான் ஷெய்கு வந்து உட்காருகிறார். அவர் செய்யித், நபி வழி வந்தவர், எந்தக் கோத்திரத்துக்கும் சொந்தமில்லாதவர். இரண்டு தரப்பிலும் அவருக்கு முரீதுகள் இருக்கிறார்கள். அவர் கான்காவுக்குள் துப்பாக்கியோடு யாரும் சண்டை போட மாட்டார்கள். அவர் முன்னால் குர்ஆன் மேல் கை வைத்துச் சமாதானம் சொல்லிவிட்டு அதை மீறுவது, அல்லாஹ்வுக்குக் கொடுத்த வாக்கை மீறுவது போல. அதனால் அவர் சொல் நின்றது. சொல் நிற்கிறது என்று தெரிந்ததும் அடுத்த வழக்கும் அவரிடமே வந்தது. வழக்கோடு காணிக்கை வந்தது, நிலம் வந்தது. நேஹ்ரியில் வருகிற விருந்தாளிகளுக்கு நாள்தோறும் நூற்றுக்கணக்கில் சோறு போட்டார்கள் என்று அங்கே போய் வந்த மிஷனரிகள் எழுதியிருக்கிறார்கள். கோத்திரங்களைக் கடந்து, அப்புறம் இரண்டு அரசுகளின் எல்லையையும் கடந்து நீண்ட ஒரே அதிகாரம் ஷெய்கின் அதிகாரம்தான். குர்து மக்கள் எல்லோருக்காகவும் பேசுகிறேன் என்று ஒருவர் சொல்ல முடிந்ததென்றால், அதற்கு இந்தக் கான்கா வலை இருந்ததே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அச்சகமோ பள்ளிக்கூடமோ கட்சியோ அங்கே இல்லை. முதல் குர்து பத்திரிகையே 1898-ல்தான் வந்தது, அதுவும் கெய்ரோவில்.

எல்லையைக் கடந்தது என்று சொன்னேன். அது வெறும் ஆன்மிக உறவு மட்டுமில்லை. பாரசீக மன்னர் முஹம்மத் ஷா சூஃபிகள் மேல் பற்றுள்ளவர். அவர் காலத்தில் உபைதுல்லாஹ்வின் தந்தை தாஹாவுக்கு எல்லைக்கு அப்பால் சில கிராமங்களை மானியமாகக் கொடுத்திருந்தார். 1870-களில் தெஹ்ரான் அந்தக் கிராமங்களிலும் நேரடியாக வரி கேட்கத் தொடங்கியது. தகராறு அங்கே புகைந்துகொண்டே இருந்தது. பிற்காலத்தில் தேசியம் பேசுகிறவர்கள் இந்த நிலத் தகராறைப் பெரும்பாலும் சொல்வதில்லை. சொன்னால் ஷெய்கின் பெருமை குறைந்துவிடும் என்று நினைக்கிறார்களோ என்னவோ. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் மானியத்துக்காகக் கோபப்பட்டவரே தன் மக்களுக்காகவும் கோபப்பட்டிருக்க முடியும்.

1877-ல் ரஷ்யா–துருக்கிப் போர் வந்தது. உபைதுல்லாஹ் சுல்தானின் பக்கம் நின்று குர்து படைக்குத் தலைமை ஏற்றுப் போனார். போர் தோல்வியில் முடிந்தது. ஆனால் அரசாங்கம் கொடுத்த நல்ல துப்பாக்கிகள் மலைக்குள்ளேயே தங்கிவிட்டன. போருக்குப் பின்னாலேயே பஞ்சம். 1879, 1880 இரண்டு ஆண்டுகளும் வான், ஹக்காரி, உர்மியா பக்கமெல்லாம் மக்கள் பட்டினியால் செத்தார்கள். வரி வாங்க மட்டும் ஆள் வந்துகொண்டிருந்தது.

இதற்கு நடுவில் 1878-ல் பெர்லின் உடன்படிக்கை. அதன் 61-வது பிரிவு, ஆர்மீனியர்கள் வாழும் மாகாணங்களில் சீர்திருத்தம் செய்ய வேண்டும், சர்க்காசியர்களிடமிருந்தும் குர்துகளிடமிருந்தும் அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று உஸ்மானிய அரசுக்கு நிபந்தனை போட்டது. ஆர்மீனியர்களின் அச்சத்துக்கு நியாயம் இருந்தது; அவர்களுடைய கிராமங்கள் கொள்ளை போனது உண்மை. ஆனால் அதே மாகாணங்களில் வாழ்ந்த குர்துகளின் பெயர் ஐரோப்பாவின் உடன்படிக்கையில் வந்தபோது, ஆபத்தாக மட்டுமே வந்தது. ஆர்மீனியர்களுக்கு வானில் தனி அரசு வரப்போகிறதாம், நெஸ்தோரியக் கிறிஸ்தவர்கள் பிரிட்டிஷ் கொடியை ஏற்றப்போகிறார்களாம், பெண்களுக்கு ஆயுதம் கொடுத்தாவது அதைத் தடுப்பேன் என்று உபைதுல்லாஹ் சொன்னதாக வான் நகரில் இருந்த பிரிட்டிஷ் வைஸ் கான்சல் கிளேட்டன் எழுதி அனுப்பினார். அந்தப் பேச்சில் பயமும் வீம்பும் இருக்கின்றன. ஆனால் உபைதுல்லாஹ் பயத்தோடு நின்றுவிடவில்லை. உலகம் மக்களை இனம் இனமாகப் பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டது, அந்தப் பேச்சில் நம் மக்களுக்கு இடமில்லை என்பதைப் புரிந்துகொண்டு அதே பாஷையில் பதில் சொன்னார்.

கோக்ரனை அவருக்கு எப்படித் தெரியும் என்பதும் சொல்ல வேண்டிய கதை. கோக்ரன் உர்மியாவிலேயே மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் மருத்துவம் படித்துவிட்டு 1878-ல் திரும்பி வந்தார். ஊரில் அவருக்குப் பெயர் ஹகீம் சாஹிப். 1880 வசந்த காலத்தில் ஷெய்குக்கு நுரையீரல் காய்ச்சல் வந்து படுத்த படுக்கையானபோது ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டார்கள். பனி உருகாத கணவாய்களைத் தாண்டி இந்த இளம் மருத்துவர் நேஹ்ரிக்குப் போனார். வயது இருபத்தைந்து. ஷெய்கு பிழைத்து எழும் வரை பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார். அந்த நாட்களில் இருவரும் நிறையப் பேசினார்கள். துருக்கி, பாரசீக அதிகாரிகளின் ஊழலைப் பற்றி ஷெய்கு மனம் விட்டுக் கொட்டியிருக்கிறார். பிரிட்டனின் காதுக்குத் தன் குரலைக் கொண்டுபோக இவரே சரியான ஆள் என்று அப்போதே முடிவு செய்திருக்க வேண்டும்.

அந்தக் கோடையில் எல்லைக்கு இருபுறமும் உள்ள தலைவர்கள் நேஹ்ரியில் கூடினார்கள். இலையுதிர் காலத்தில் படை எல்லையைத் தாண்டியது. ஒரு பிரிவுக்கு ஷெய்கின் மகன் அப்துல் காதிர் தலைவர். உர்மியா ஏரிக்குத் தெற்கே சாவுஜ்புலாக் நகருக்குள் அவர் பெரிய எதிர்ப்பில்லாமல் நுழைந்தார். அந்த நகரத்துக்கு இன்று மஹாபாத் என்று பெயர். மங்கூர் கோத்திரத்தின் ஹம்ஸா ஆகா, பாரசீக ஆளுநரிடம் அவமானப்பட்ட கோபத்தில் இருந்தவர், தன் ஆட்களோடு வந்து சேர்ந்துகொண்டார்.

அடுத்த ஊர் மியாந்தோவாப். ஷியா முஸ்லிம்கள் வாழ்ந்த ஊர். அங்கே நடந்தது படுகொலை. ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் வெட்டினார்கள், ஊரைச் சூறையாடினார்கள். சாவுஜ்புலாக்கின் சுன்னி முல்லாக்கள் ஷியாக்களுக்கு எதிராக ஜிஹாத் என்று அறிவித்திருந்தது அந்தக் கத்திகளுக்குத் துணை நின்றது. கொள்ளைப் பொருள் கைக்கு வந்ததும் கோத்திரத்துக்காரர்களில் பலர் அதைக் கழுதைகளில் ஏற்றிக்கொண்டு வீட்டைப் பார்த்துப் போய்விட்டார்கள். மியாந்தோவாபின் செய்தி கேட்ட அடுத்த ஊர்கள், குறிப்பாக பினாப், சாகத் துணிந்து எதிர்த்து நின்றன. படை அதற்கு மேல் தப்ரீஸ் பக்கம் நகரவில்லை.

குர்து தேசிய வரலாறுகளில் இந்த ஊருக்கு ஒரு வரிதான் ஒதுக்குகிறார்கள். அதிலும் "சில அத்துமீறல்கள்" என்று தாண்டிப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அது பொறுக்கவில்லை. ஷெய்கின் அதிகாரம் எதனால் கோத்திரங்களைக் கடந்ததோ, அதனாலேயே ஷியாவின் வீட்டு வாசலில் அது வாளாக மாறியது. மார்க்கம் என்ற கயிற்றால் மக்களைக் கட்டினால் அந்தக் கயிற்றுக்கு வெளியே இருப்பவர் கதி என்ன என்று மியாந்தோவாப் காட்டியது. உபைதுல்லாஹ்வைப் பெருமையாகப் பேச விரும்புகிறவர் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

உர்மியாவில் நடந்தது வேறு. அங்கே ஷெய்கே படையோடு வந்து நகரத்தைச் சுற்றி வளைத்தார். நெஸ்தோரியக் கிறிஸ்தவர்களைத் தொடக் கூடாது, அமெரிக்க மிஷனைத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார். அவர்களைத் தன் பக்கம் இழுக்கவும் முயன்றார். கிறிஸ்தவர்களை வதைத்தால் ஐரோப்பா தன்னைக் கொள்ளைக்காரன் என்றுதான் சொல்லும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கோக்ரன் தூது பேசி அவகாசம் கேட்டபோது கொடுத்தார். அந்த இடைவெளியில் நகரம் மதிலைப் பலப்படுத்திக்கொண்டது. பிறகு தாக்கியபோது மதில் விழவில்லை. வடக்கே மாக்கூவிலிருந்து தைமூர் பாஷா கான் பெரும்படையோடு வருகிறார் என்ற செய்தி வந்ததும் ஷெய்கின் ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். நவம்பருக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பி வந்த பாரசீகப் படை சுன்னிக் குர்து கிராமங்களைப் பழி தீர்த்தது. ஒரு பாவமும் அறியாத கிறிஸ்தவ கிராமங்களும் அதில் சேர்ந்து அழிந்தன. குர்துகளுக்கு உதவினார்கள் என்று மிஷனரிகள் மேலும் சந்தேகம் விழுந்தது.

கோக்ரனின் நிலையை நினைத்துப் பார்க்கிறேன். மதிலுக்கு வெளியே தன் கையால் பிழைக்க வைத்த மனிதர், உள்ளே தான் பிறந்து வளர்ந்த ஊர். இரண்டு பக்கமும் அவரை நம்பினார்கள், இரண்டு பக்கமும் அவரைச் சந்தேகித்தார்கள்.

தோற்ற பிறகு ஷெய்குக்கு என்ன ஆனது? சுல்தான் அப்துல் ஹமீதுக்கு முதலில் அவரைத் தொட மனமில்லை. ஆர்மீனியர்களுக்குச் சாதகமான ஐரோப்பிய நெருக்குதலுக்கு எதிராகக் குர்துகள் ஒரு கேடயம் என்று கணக்குப் போட்டிருந்தார். ஆனால் பாரசீகமும் ரஷ்யாவும் பிரிட்டனும் விடவில்லை. 1881-ல் உபைதுல்லாஹ்வை இஸ்தான்புல்லுக்கு வரவழைத்து மரியாதையோடு காவலில் வைத்தார்கள். அடுத்த ஆண்டே அவர் அங்கிருந்து தப்பி, கருங்கடல் தாண்டி, ரஷ்ய காக்கசஸ் வழியாக நேஹ்ரி போய்ச் சேர்ந்தார். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் அந்தப் பயணத்தைச் செய்திருக்கிறார். மீண்டும் பிடிபட்டு, ஹிஜாஸுக்கு நாடு கடத்தப்பட்டு, 1883-ல் அங்கேயே காலமானார்.

இவர் தேசியவாதியா இல்லையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். குர்து தேசியத்தின் தொடக்கமே இவர்தான் என்பது ஒரு கட்சி. இல்லை, தன் குடும்பத்துக்கு ஓர் அரசு கேட்ட ஷெய்கு மட்டுமே, ஐரோப்பியர் காதுக்கு இனிக்கும்படி கடிதத்தில் தேசம் பேசினார் என்பது மறு கட்சி. சுல்தானுக்கு எழுதிய கடிதங்களில் விசுவாசமுள்ள குடியாகவும், ஐரோப்பியருக்கு எழுதியதில் தனி இனத்தின் தலைவராகவும் பேசினார் என்பதை இரண்டாவது கட்சி சுட்டிக் காட்டும். அது உண்மைதான்.

ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே எனக்குச் சரியாகப் படவில்லை. அவருக்கு ஷெய்கு என்பதும் குர்து என்பதும் இரண்டு தனிச் சட்டைகளாக இருக்கவில்லை. கடிதத்தில் எங்கள் மார்க்கம் வேறு என்கிறாரே, அதைப் பாருங்கள். பாரசீகர்கள் ஷியா, அவர்களிடமிருந்து வேறு என்பது விளங்குகிறது. துருக்கியர்கள் சுன்னி, அப்புறம் எப்படி வேறு? சுன்னிகளுக்குள்ளேயே மத்ஹபு என்ற சட்ட நெறிகள் பல உண்டு. குர்துகளில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபு, உஸ்மானிய நீதிமன்றம் நடந்தது ஹனஃபி மத்ஹபின்படி. நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபி பள்ளி, ஹனஃபி பள்ளி என்று பிரித்துச் சொல்லக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்த வேறுபாடு ஒரு சமூகத்தின் அன்றாடத்தில் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பது தெரியும். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1907-ஆம் ஆண்டு வாக்கில், பர்ஸான் ஊர் நக்ஷ்பந்தி ஷெய்கு அப்துல் ஸலாமும் மற்றத் தலைவர்களும் இஸ்தான்புல்லுக்கு மனு அனுப்பினார்கள். குர்து மொழி ஆட்சிமொழியாக வேண்டும், பள்ளியில் குர்து மொழி வேண்டும், மொழி தெரிந்த அதிகாரிகள் வேண்டும், வழக்குகளில் ஷாஃபி சட்டப்படி தீர்ப்பு வேண்டும். மொழியும் மத்ஹபும் ஒரே மனுவில் பக்கத்துப் பக்கத்துக் கோரிக்கைகளாக நின்றன. எழுதியவர்களுக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. அப்துல் ஸலாமை 1914-ல் மோசுலில் தூக்கிலிட்டார்கள்.

குர்துகள் துருக்கியருக்கும் பாரசீகருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, தமக்கென்று ஓர் அரசன் இல்லாமல் தவிக்கிறார்கள் என்ற ஏக்கம் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கவிஞர் அஹ்மதே கானியிடம் இருக்கிறது. அதனால் உணர்வு புதிதில்லை. பெதிர் கான் பேக் போன்றவர்கள் போராடியதும் உண்மை, ஆனால் அது போத்தான் அமீரகத்துக்காக. எல்லையின் இரு பக்கத்துக் குர்துகளையும் ஒரே மக்களாக எண்ணி, அவர்கள் பேரில் ஓர் அரசியல் கோரிக்கையை எழுத்தில் வைத்து, அதற்காக ஆள் திரட்டியது உபைதுல்லாஹ்தான். அந்த முதன்மையை அவருக்குக் கொடுக்க நான் தயங்கமாட்டேன்.

அவருக்குப் பின்னால் வந்தவர்களைப் பார்த்தால் கான்காவின் பலமும் பலவீனமும் இன்னும் தெளிவாகத் தெரியும். சுலைமானியாவின் ஷெய்கு மஹ்மூது பர்ஸின்ஜி, காலிதை எதிர்த்த அதே காதிரி குடும்பத்தவர். 1919-ல் பிரிட்டிஷாருக்கு எதிராக எழுந்து, பாஸியான் கணவாயில் காயம்பட்டுப் பிடிபட்டார். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போன பிரிட்டிஷ் அதிகாரி ஆர்னால்ட் வில்சன் எழுதிவைத்த ஒரு காட்சி என் மனதை விட்டுப் போவதே இல்லை. ஷெய்கின் கையில் தாயத்து மாதிரி ஒரு குர்ஆனைக் கட்டியிருந்தார். அதன் வெற்றுத் தாள்களில், அமெரிக்க அதிபர் வில்சனின் பதினான்கு அம்சங்களில், துருக்கி ஆட்சியில் இருந்த பிற இனங்களுக்குத் தன்னாட்சி வாய்ப்பு வேண்டும் என்ற பன்னிரண்டாவதும், 1918 நவம்பரில் பிரிட்டனும் பிரான்சும் வெளியிட்ட அறிவிப்பும் குர்து மொழியில் எழுதப்பட்டிருந்தன. நீங்கள் கொடுத்த வாக்கு இதோ என்று அவர் அதைச் சொல்லிக் காட்டினார். மரண தண்டனை விதித்து, பிறகு குறைத்து, அவரை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். 1922-ல் தேவைப்பட்டபோது திருப்பி அழைத்தார்கள். அவர் குர்திஸ்தானின் மன்னர் என்று தன்னை அறிவித்துக்கொண்டதும் சுலைமானியா மேல் விமானங்கள் குண்டு போட்டன.

உபைதுல்லாஹ்வின் மகன் அப்துல் காதிர், மியாந்தோவாப் போன அதே படைத்தலைவர், வயதான பிறகு இஸ்தான்புல் பெரியவர் ஆனார். உஸ்மானிய மேல்சபை உறுப்பினர், பின்னர் அரசு ஆலோசனை மன்றத்தின் தலைவர். 1908-ல் தொடங்கிய குர்து சங்கத்துக்கும், 1918-ல் தொடங்கிய குர்திஸ்தான் உயர்வுச் சங்கத்துக்கும் அவரே தலைவர். துறைமுகத்திலும் சந்தையிலும் மூட்டை தூக்கிய ஆயிரக்கணக்கான குர்து கூலிகளுக்கு அவர் இன்னும் நேஹ்ரி ஷெய்கின் பிள்ளைதான். படித்த இளைஞர்கள் முழு விடுதலை கேட்டபோது, சுயாட்சி போதும், முஸ்லிம் உலகின் தலைவர் என்ற பொருளில் கலீபாவாக இருந்த சுல்தானை விட்டுப் பிரிய வேண்டாம் என்று அவர் நின்றார். சங்கம் அதில்தான் உடைந்தது.

பிறகு கலீபாவே இல்லாமல் போனார். 1924 மார்ச் 3-ல் அங்காராவின் புதிய துருக்கி அரசு, கலீபா பதவியான கிலாபத்தை ஒழித்தது. துருக்கியரையும் குர்துகளையும் கட்டியிருந்த கடைசி முடிச்சு அது. அடுத்த பிப்ரவரியில் பாலு பகுதி நக்ஷ்பந்தி ஷெய்கு சயீது எழுந்தார். திட்டம் போட்டது ஆஸாதி என்ற இரகசிய அமைப்பு, அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் குர்து ராணுவ அதிகாரிகள். மக்களைத் திரட்ட அவர்களுக்கு ஒரு ஷெய்கு தேவைப்பட்டார். மறுபடியும் அதே பலம், அதே பலவீனம். சுன்னி கிராமங்கள் திரண்டு வந்தன. ஹோர்மெக், லோலான் போன்ற, சுன்னி அல்லாத அலவி பிரிவுக் கோத்திரங்கள் எதிர்த்துச் சண்டையிட்டன. சுன்னி ஷெய்கின் ஆட்சி தங்களுக்கு என்ன செய்யும் என்று அவர்களுக்குப் பழைய அனுபவம் இருந்தது. தியார்பகிரின் மதில் விழவில்லை. ஏப்ரலில் ஷெய்கு சயீது பிடிபட்டார், ஜூன் 29 அன்று நாற்பத்தாறு பேரோடு தூக்கிலிடப்பட்டார்.

அப்துல் காதிருக்கு அந்த எழுச்சியில் நேரடிப் பங்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் இஸ்தான்புல்லில் கைது செய்து தியார்பகிருக்குக் கொண்டுபோய், மே 27 அன்று அவரையும் அவர் மகனையும் தூக்கிலிட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே துருக்கி முழுவதும் கான்காக்களையும் தர்காக்களையும் மூடச் சட்டம் வந்தது. ஷெய்கு, முரீது என்ற பட்டங்களே குற்றமாயின. அந்தச் சட்டத்துக்குப் பல நோக்கங்கள் உண்டு. ஆனால் குர்து மலைகளில் கோத்திரங்களைக் கடந்து ஆட்களைச் சேர்ப்பது எது என்பதை அங்காரா சரியாகவே கண்டுபிடித்திருந்தது.

எல்லைக்கு அப்பால் அந்தச் சட்டம் செல்லாது. பர்ஸான் ஷெய்குகளின் சில்சிலா, அதாவது குரு–சீடர் தொடர், நேஹ்ரி வழியாக வந்தது. அந்த வீட்டுக்கு முதலில் கலீபா பட்டம் கொடுத்தவர்கள் நேஹ்ரிக்காரர்கள். தூக்கிலிடப்பட்ட அப்துல் ஸலாமின் தம்பி முல்லா முஸ்தஃபா பர்ஸானி. 1946 ஜனவரியில் மஹாபாத் நகரில் குர்து குடியரசு அறிவிக்கப்பட்டபோது, அதன் தலைவராக வந்தவர் ஊரின் காஜியான, அதாவது இஸ்லாமிய நீதிபதியான, காஜி முஹம்மத். இராக்கிலிருந்து தன் ஆட்களோடு வந்து அவருடைய படைக்குப் பலம் சேர்த்த தளபதி பர்ஸானி. குடியரசு ஓராண்டு கூட நிற்கவில்லை, காஜியை 1947 மார்ச் 31 அன்று அதே ஊரின் சதுக்கத்தில் தூக்கிலிட்டார்கள். ஆனால் இந்த முறை கட்சி இருந்தது, கொள்கை அறிக்கை இருந்தது, குர்து மொழியில் பத்திரிகையும் பள்ளிப் புத்தகமும் இருந்தன.